அங்கம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன்

1

மதுரையை விட்டு நாங்கள் இங்கிலாந்தில் இந்த பிராட்ஃபோர்டுக்கு வந்து ஒன்பது வருடம் முடிந்துவிட்டது. வருடா வருடம் அந்த நாளில் என் மனைவி பத்மா பாயசம் வைப்பாள். இந்த வருடம் வைக்கவில்லை. வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசாமல் இருந்த வாரம் அது. என் மகள் ரேவதி என்னைப் பார்த்தாலே மாடிக்குப் போய்விடுவாள்.

நடந்தது இதுதான். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மதுக்கடை இருக்கிறது. மதுக்கடை என்றதும் நம் ஊர்ச் சாராயக் கடையை நினைத்துக்கொள்ள வேண்டாம். குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அதன் மாடியில் வியாழக்கிழமை தோறும் ஒரு நாட்டுப் பாடல் மன்றம் கூடுகிறது. கம்பளி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், பள்ளி ஆசிரியர்கள், ஒரு தபால்காரர் என்று முப்பது பேர் வருவார்கள். என்னோடு நகராட்சி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஜான்தான் முதலில் எங்களை அழைத்துப் போனார். நான் இரண்டு முறை போனேன். ரேவதி விடாமல் போய்க்கொண்டிருந்தாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பாட எழுந்து நிற்பவர், முதலில் அந்தப் பாட்டை யாரிடமிருந்து கற்றுக்கொண்டார் என்று சொல்வார். 'எங்கள் அத்தை மாவு பிசையும்போது பாடியது', 'இன்ன ஊரில் குதிரைக்கு லாடம் அடித்த இன்னாரிடம் கேட்டது' என்று பெயரோடு சொல்வார். அதைச் சொல்லாமல் பாட ஆரம்பித்தால் பின்வரிசையிலிருந்து யாராவது கேட்டுவிடுவார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வரப்போகும் நிகழ்ச்சிகளை ஒரு மஞ்சள் தாளில் அச்சடித்து மாடிப்படியில் ஒட்டுவார்கள். இந்த முறை அதில் ரேவதியின் பெயர் இருந்தது. மதுரைப் பக்கத்து நடவுப் பாடல் ஒன்று என்றும் போட்டிருந்தது. எனக்குத் தெரியாமலே என் பழைய கேசட்டைப் போட்டுக் கேட்டு, ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடிப் பழகியிருக்கிறாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை. வயது பன்னிரண்டு. பாட்டில் வரும் கண்மாய் என்றால் என்ன என்று அவள் கேட்டபோது, ஏரி மாதிரி என்று சொல்லிவிட்டு, அதுவும் சரியில்லையே என்று விழித்தேன்.

"இது யாரோட பாட்டுப்பா? நான் யார் பேரைச் சொல்லணும்?" என்று வழக்கம்போல் ஆங்கிலத்தில்தான் கேட்டாள்.

"ஊர்ப் பாட்டு. எல்லாரும் பாடுறதுதான்."

"கேசட்டுல பாடுறாங்களே, அவங்க பேரு?"

"ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் கேசட்டோடு வந்து நின்றாள். கடைசிப் பாட்டு முடிந்த இடத்தில் நிறுத்தி, ஓடவிட்டாள். ஒரு பெண் குரல், "போதுமா சார்?" என்கிறது. அதன் பின்னால் என் குரல் தெளிவாகக் கேட்கிறது. "போதும் அங்கம்மா."

ரேவதி டேப்பை அணைத்தாள். படியேறிப் போய்விட்டாள்.

2

எழுபதுகளின் நடுவில் மதுரையில் எங்களுக்கும் ஒரு மன்றம் இருந்தது. கிராமியப் பாடல் மன்றம் என்று பெயர். இதைப் படிப்பவர்களில் சிலர் அதில் உறுப்பினராகவே இருந்திருப்பீர்கள். ஆசிரியர்கள், அலுவலகத்துக்காரர்கள், கோயிலில் பூசை செய்யும் பட்டர் ஒருவர் என்று நாற்பது பேர். சிம்மக்கல் பக்கம் ஒரு வியாபாரி குடும்பத்துக் கல்யாண மண்டபத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவோம். நான்தான் செயலாளர். கிராமத்துப் பாட்டைக் காப்பாற்றப் போகிறோம் என்று எல்லாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஆனால் எங்கள் மேடையில் பாடியவர்கள் எல்லாரும் ஆர்மோனியம் வைத்துப் பாடுகிற டவுன்காரர்கள். வயலில் பாடுகிற ஒருவரும் அதுவரை வந்ததில்லை.

வரும் நிகழ்ச்சிகளை ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டி எடுத்து, உறுப்பினர்களுக்குத் தபாலில் அனுப்புவது என் வேலை. கையெல்லாம் மை ஒட்டும். மன்ற வேலைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

அப்போது நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிளார்க். ஒரு நாள் அதிகாரியோடு வெளியூர் போய்விட்டுத் திரும்பும்போது சமயநல்லூர் பக்கம் ஜீப் பஞ்சரானது. ரோட்டை ஒட்டிய வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள்.

கம்மாயித் தண்ணி வத்திப் போச்சு
கொக்குத்தடந்தான் மிச்சமாச்சு
கஞ்சி கொண்டு போன மக
காணலியே கரையோரம்

நான் வரப்பிலேயே நின்றுவிட்டேன். டிரைவர் இரண்டு தடவை கூப்பிட்டும் போகவில்லை. மதியம் அவர்கள் சாப்பிடக் கரையேறியபோது அந்தப் பெண்ணிடம் போனேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஆனாலும் நான் 'நீ' என்றுதான் பேசினேன். அவர் என்னை 'சார்' என்றார். அதில் ஏதோ கோணலாக இருப்பதாக அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

"இது என்ன பாட்டு?"

"சும்மா நடுகையில பாடுறது சார். இடுப்பு நோவு தெரியாம இருக்கணும்ல."

"மதுரையில மன்றம் வச்சிருக்கோம். நீ அங்க வந்து பாடணும்."

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அங்கம்மா சிரிக்கவில்லை. "எங்கிட்டு? மண்டபத்துலயா? எங்களயெல்லாம் உள்ள விடுவாகளா சார்?"

"நான்தான் செயலாளர். நான் கூப்பிடுறேன்ல" என்றேன்.

அடுத்த ஞாயிறு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு காலனியில் அவர் வீட்டுக்குப் போனேன். ஆறு பாட்டுப் பதிவு செய்தேன். அடுத்த மாதத் தாளில் 'நடவுப் பாடல்கள்: அங்கம்மா, சமயநல்லூர்' என்று போட்டேன். அதைத் தபாலில் அனுப்பாமல் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. பத்து வயது மகள் செல்வி வாசித்துக் காட்டினாள்.

"எந்த இடத்துலடி இருக்கு?" என்று கேட்டார் அங்கம்மா. செல்வி காட்டிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இம்புட்டு நீளமா எம் பேரு?" என்றார்.

3

அந்தச் சமயத்தில்தான் நர்ஸாக இருந்த பத்மாவுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அவள் முதலில் போவது, நானும் மூன்று வயது ரேவதியும் பின்னால் போவது என்று ஏற்பாடு. பாஸ்போர்ட் படிவத்தில் என்னை நன்றாகத் தெரியும் என்று பெரிய அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே பெரிய அதிகாரி எங்கள் மன்றத் தலைவர் ராமலிங்கம் சார். படிவத்தை அவரிடம் கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நான் போகும்போதெல்லாம் அது அவர் மேசையில் ஒரு கண்ணாடிக் குண்டுக்கு அடியில் இருக்கும்.

நிகழ்ச்சிக்கு நாலு நாள் இருக்கும்போது கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காருங்க சேகர். மண்டபத்துக்காரர் தாளைப் பாத்துட்டாரு. யாரு இந்தம்மா, எந்தத் தெருன்னு விசாரிச்சிருக்காரு. அவுக வீட்டு விசேஷம் நடக்குற எடமாம். நம்மளால ஒரு சங்கடம் வேண்டாம்னு சொல்றாரு."

"நான் போய்க் கூப்பிட்டுட்டேனே சார்."

"நமக்குப் பாட்டுதானே தம்பி முக்கியம்? யார் பாடினா என்ன? ஒங்ககிட்டதான் டேப் இருக்கே. நம்ம கமலா டீச்சர் கேட்டுட்டுச் சுத்தமாப் பாடிரும்."

என் கண் அந்தக் கண்ணாடிக் குண்டின் மேல் இருந்தது. நான் முடியாது என்று சொல்லியிருந்தாலும் அவர் கையெழுத்துப் போட்டிருக்கலாம். கெட்ட மனிதர் அல்ல. அந்தப் படிவத்தையும் இந்த விஷயத்தையும் சேர்த்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சேர்த்துப் பார்த்தது நான்தான்.

"சரி சார்" என்றேன்.

"எம்புட்டு நாளாக் கிடக்கு இது" என்று படிவத்தை எடுத்து, பேனாவைத் திறந்தார்.

சமயநல்லூருக்கு மதுரையிலிருந்து பஸ்ஸில் அரைமணிகூட ஆகாது. நான் போகவில்லை. ஒரு சீட்டில், நிகழ்ச்சி தள்ளிப் போயிருக்கிறது, தேதி பிறகு சொல்கிறேன் என்று எழுதினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஒரு கண்டக்டரிடம் கொடுத்து, "அண்ணே, சமயநல்லூர் ஸ்டாப்புல டீக்கடையில குடுத்து அங்கம்மாட்டச் சொல்லச் சொல்லிருங்க" என்றேன். பஸ் கிளம்பியதும் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அதை எழுத இப்போது கூசுகிறது.

4

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி. மண்டபம் நிறைந்துவிட்டது. வயலில் பாடுகிறவர் வருகிறார் என்பதால் வழக்கத்தைவிடக் கூட்டம். நான் மைக்கைப் பிடித்தேன்.

"இன்று பாட இருந்த சமயநல்லூர் அங்கம்மாவுக்குத் திடீரென்று காய்ச்சல். அவருடைய பாடல்களைக் கமலா டீச்சர் நமக்காகப் பாடுவார்."

கமலா டீச்சர் என் பக்கம் குனிந்து, "பாவம் சார், ரொம்பக் காய்ச்சலா?" என்று கேட்டார். அவருக்கும் எதுவும் தெரியாது. நான் தலையை ஆட்டினேன்.

முதல் பாட்டு நடந்துகொண்டிருந்தது. தற்செயலாக வாசலைப் பார்த்தேன். செருப்புகள் கிடக்கும் இடத்தில் அங்கம்மா நின்றுகொண்டிருந்தார். அரக்கு நிறச் சேலை, மடிப்புக் கலையாமல் இருந்தது. தலையில் பூ. செல்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போது வந்தார்கள் என்று தெரியவில்லை.

ஓரமாக நடந்து வெளியே போனேன்.

"டீக்கடைக்காரரு தள்ளிப் போச்சுன்னாரு சார்" என்றார் அங்கம்மா. "எதுக்கும் நேர்ல ஒரு எட்டுக் கேட்டுட்டுப் போவம்னு வந்தேன்."

உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் தலையைச் சாய்த்து அதைக் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சத்தம் போடுவார் என்று பயந்தேன். அதற்குத்தான் முதலில் பயந்தேன், அவருக்கு என்ன ஆகும் என்று அல்ல.

"கால்தடம்னு பாடுது அந்தப் பிள்ள" என்றார். "கால்தடம் இல்ல சார், கொக்குத்தடம். கம்மாயி வத்துனா கொக்குதான் நடந்து போகும். சொல்லிருங்க."

"சரி" என்றேன்.

செல்வி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஒனக்குக் காய்ச்சலாம்மா?"

அப்படியென்றால் நான் மைக்கில் பேசும்போதே வந்திருக்கிறார்கள். அங்கம்மா மகளின் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அழுத்திக்கொண்டார். "போயிட்டு வாரோம் சார்" என்றார். உள்ளே வந்து உட்கார் என்று நான் சொல்லவில்லை. ஒரு காப்பி வாங்கிக் கொடுக்கவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும்கூட உடன் போகவில்லை. அவர்கள் தெருமுனையில் திரும்பியதும் உள்ளே வந்து உட்கார்ந்து, பாட்டு முடிந்தபோது எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினேன்.

அடுத்த மாசியில் விமானம் ஏறினேன். பெட்டியில் அந்தக் கேசட்டும் இருந்தது.

5

இதையெல்லாம் ரேவதியிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. சமையலறையில் பத்மாவும் இருந்தாள். ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டியிருந்தது. இந்த ஊர் அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலம் பேசுகிறவன், இதைச் சொல்லும்போது வார்த்தை கிடைக்காமல் தடுமாறினேன். நான் செய்தது ஒரு தவறு, 'மிஸ்டேக்' என்று முடித்தேன்.

"மிஸ்டேக்னா தெரியாமச் செய்றதுப்பா" என்றாள் ரேவதி. "உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சே."

பத்மா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். அவளும் இப்போதுதான் கேட்கிறாள். "நம்ம வந்ததே இப்படியா?" என்று மட்டும் சொன்னாள். இந்தக் குளிரில் இரவு பகலாக வேலை பார்த்து இந்த வீட்டை நிறுத்தியவள் அவள். அந்தக் கேள்வி என்னை மட்டும் கேட்டதாக எனக்குப் படவில்லை.

அங்கம்மாவைக் கேட்காமல் பாட மாட்டேன் என்று ரேவதி சொல்லிவிட்டாள். அன்றைக்கே ஏர்மெயிலில் எழுதினேன். முகவரி சரியாகத் தெரியாது. 'அங்கம்மா, செல்வியின் தாயார், காலனி, சமயநல்லூர்' என்று எழுதி அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. செல்வி எழுதியிருந்தாள். டி. கல்லுப்பட்டியில் தங்கி ஆசிரியப் பயிற்சி படிக்கிறாள். எழுத்து அச்சு மாதிரி இருந்தது.

"அம்மா சொல்லச் சொன்னதை முதலில் எழுதுகிறேன். நாங்கள் நல்லா இருக்கோம். கோவம் ஒண்ணும் இல்லை. ஒங்க மக பாடட்டும், எம் பேரைச் சொல்லட்டும். இவ்வளவுதான் அம்மா சொன்னது.

இனி எழுதுவது நான். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. அந்தத் தாளை அம்மா தெருவில் எல்லாருக்கும் காட்டியிருந்தார்கள். அந்தச் சேலை எங்கள் சின்னம்மாவுடையது. திரும்பிப் போகும்போது பஸ்ஸில் அம்மா என்னிடம், 'பாடுனேன்னு சொல்லிருவோம்டி' என்றார்கள். தெருவில் இறங்கியதும் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். எத்தனை பேர் வந்தாங்க, எப்படிக் கைதட்டினாங்க என்று கேட்டார்கள். நான்தான் கைதட்டிக் காட்டினேன். இன்றுவரை எங்கள் ஊரில் அம்மா மதுரை மண்டபத்தில் பாடியவர்கள்தான். கல்யாண வீட்டில்கூட அப்படித்தான் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் அம்மா என் முகத்தைப் பார்ப்பார்கள். உங்களுக்கு அது ஒரு சாயங்காலம். எனக்கு அது இன்னும் முடியவில்லை."

ரேவதிக்காக இதை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன். கைதட்டிக் காட்டிய இடம் முடிந்ததும் கடிதத்தை அவளிடம் நீட்டினேன். அவள் கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

நிகழ்ச்சி நாள் வந்தது. ரேவதி பாடும் முன் நான் எழுந்து நின்று, இரண்டு நிமிடம் பேச அனுமதி கேட்டேன். இந்தப் பாட்டு அங்கம்மா என்பவரிடமிருந்து வந்தது, அவர் பெயரை அச்சடித்துக் கொடுத்துவிட்டு மேடை ஏறவிடாமல் செய்தவன் நான் என்று சொன்னேன். நான் உட்கார்ந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு வயதான அம்மாள் வந்து என் தோளைத் தட்டி, என்ன தைரியம் உங்களுக்கு என்றார்.

ரேவதி பாடினாள். கொக்குத்தடம் என்றே பாடினாள். நன்றாக இருந்தது. என்னால் முழுதாகக் கேட்க முடியவில்லை.

திரும்பி நடந்து வரும்போது அவள் சொன்னாள். "அவங்க உங்களுக்குக் கைதட்டினாங்க அப்பா. நீங்க தப்புச் செஞ்சதைச் சொன்னதுக்கு."

"தெரியும்மா."

"இங்க இருக்கிறவங்களுக்கு அங்கம்மாவைத் தெரியாது. உங்களையும் தெரியாது. இங்க சொல்றது ரொம்ப ஈஸி."

அதனால்தான் இதை எழுதினேன். அன்று மண்டபத்தில் இருந்தவர்களுக்காக எழுதினேன். காய்ச்சல் என்று நான் சொன்னதைக் கேட்டு 'அச்சச்சோ' என்றவர்கள் உங்களில் இருப்பீர்கள். ராமலிங்கம் சார் இன்று இல்லை. அவர் மேல் பழியைப் போடுவது சுலபம். மேடையில் நின்று பேசிய வாய் என்னுடையது.

7

எழுதி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இது அச்சில் வந்தால் அங்கம்மா பாடவில்லை என்பது அவர் ஊருக்குத் தெரிந்துவிடும். என் மனசு ஆறுவதற்காக இன்னொரு தடவை அவரைத் தெருவில் நிறுத்தப் போகிறேன். அனுப்பாமல் மேசைக்குள் வைத்தேன். பத்து நாள் கழித்து ஒரு பிரதி எடுத்து செல்விக்கு அனுப்பி, உங்கள் கடிதத்தையும் இதில் சேர்த்திருக்கிறேன், வேண்டாம் என்றால் கிழித்துவிடுங்கள், இங்கே என்னிடம் இருப்பதையும் கிழித்துவிடுகிறேன் என்று எழுதினேன்.

பதில் நேற்று வந்தது. லீவுக்கு வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினாளாம். தன் கடிதத்தையும் விடாமல் வாசித்தாளாம். அந்த இடம் வந்தபோது அங்கம்மா எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்து, "மிச்சத்தையும் வாசி" என்றாராம்.

அவர் சொன்னதை செல்வி அப்படியே எழுதியிருக்கிறாள். "போடச் சொல்லு. எம்புட்டு வருசத்துக்கு அந்தப் பொய்யச் சொமக்குறது. நான் பாடலன்னு நானே தெருவுல சொல்லிக்கிருவேன். அதுக்குப் பெறகு அவரு போட்டுக்கிறட்டும்."

கீழே செல்வியின் கேள்வி ஒன்று இருந்தது. "எங்கள் அம்மா பெயர், ஊர், என் பெயர் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதியிருக்கிறீர்கள். கட்டுரையின் முடிவில் உங்கள் பெயர் மட்டும் வேறாக இருக்கிறதே, ஏன்?"

உண்மைதான். இந்தப் பத்திரிகைக்கு நான் எப்போதும் எழுதும் புனைபெயரைத்தான் அடியில் போட்டிருந்தேன். அதை ஒரு விஷயமாகவே நான் நினைக்கவில்லை. பத்மாவின் அண்ணன் வீடு மதுரையில் இருக்கிறது, என் தம்பி அதே தெருவில் இருக்கிறான், அவர்கள் படிப்பார்கள் என்பது மனசின் ஓரத்தில் இருந்திருக்க வேண்டும்.

என் பெயர் மா. ஞானசேகரன். மதுரை வடக்கு மாசி வீதி. கிராமியப் பாடல் மன்றத்துச் செயலாளர் நான்தான்.